திப்புவின் வழியில் வந்த நூருன்னிஸா



1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானின் குடும்பத்தார் நம் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டதையும், 1806 சிப்பாய்ப் புரட்சிக்குப் பின் கல்கத்தாவுக்குக் கொண்டு செல்லப்பட்டதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். அக்குடும்பத்தின் கிளையொன்றில் வந்த பெண்மணி, 1943இல் ஆங்கிலேயரின் இரகசிய அமைப்பொன்றில் சேர்ந்து, ஹிட்லரின் படைகள் பிடித்திருந்த பிரான்சில் இறங்கினார் என்பதைப் பலர் அறியார்.

அவர்தாம் நூருன்னிஸா இனாயத் கான். அவருடைய வாழ்வைக் கருவாகக் கொண்டு ஷானா சிங் பால்ட்வின் என்னும் பெண் எழுத்தாளர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் ‘தி டைகர் கிளா’, அதாவது புலிநகம். 2004இல் வெளிவந்தது.

நூரின் தந்தை ஹஸ்ரத் இனாயத் கான், பரோடாவில் பிறந்த இசைமேதை. சூஃபி ஞானத்தை மேலைநாடுகளுக்குக் கொண்டு சென்றவர். தாயார் அமெரிக்கர். 1914இல் மாஸ்கோவில் பிறந்த நூர், பாரிஸை அடுத்த சூரேன் என்னும் ஊரில் வளர்ந்தார். 1927இல் தந்தை மறைந்தபோது அவருக்கு வயது 13. துயரில் ஒடுங்கிய தாயாருக்கும் தம்பி தங்கையருக்கும் அவரே துணையானார். வீணை பயின்றார், குழந்தைகளுக்குக் கதை எழுதினார். இப்படிப்பட்டவரா உளவுப் பணிக்கு என்று நாம் கேட்போம். அவருக்குப் பயிற்சியளித்தவர்களும் அதையேதான் கேட்டனர்!

நாவலில், விலங்கிடப்பட்ட நூர் சிறையறையில் மறைவாக எழுதுகிறார். அர்மான் என்னும் யூத இசைக்கலைஞரை விரும்பியதையும், குடும்பத்தார் மறுத்ததையும் நினைவுகூர்கிறார். அவரைத் தேடும் ஏக்கமே நூரைப் பிரான்சுக்கு இழுத்துச் செல்வதாகக் கதை நகர்கிறது. உண்மையிலும் ஒரு யூத இசை மாணவருடன் அவருக்கு நிச்சயமாகி முறிந்ததுண்டு. மற்றவை பெரும்பாலும் கற்பனை. அண்ணன் தம்பியரின் அதிகாரத்துக்கும் அன்புக்கும் நடுவே தவிக்கும் முஸ்லிம் பெண்ணின் மனத்தை ஆசிரியை கூர்மையாகவே காட்டியிருக்கிறார். அந்தப் பக்கங்கள் நம் வீட்டு ஆண்களையும் சற்று உறுத்தக்கூடும்.

ஆயினும் காதல் என்ற ஒரே திறவுகோலால் இந்த வாழ்வைத் திறந்துவிட முடியாது. 1943 ஜூன் 16ஆம் நாள் இரவில் சிறு விமானமொன்று அவரைப் பிரான்சில் இறக்கியது. பிரான்சுக்கு இலண்டனிலிருந்து அனுப்பப்பட்ட முதல் பெண் வானொலிச் செய்தியாளர் அவர். சில நாட்களுக்குள்ளேயே அவருடைய குழுவினர் கொத்தாகக் கைதாயினர். திரும்பிவிடுமாறு இலண்டன் கூறியது, அவர் மறுத்தார். தாமும் போய்விட்டால் எஞ்சிய பிரெஞ்சுப் போராளிகளுக்கு இலண்டனுடன் தொடர்பே இராது என்பதுதான் காரணம். அலைவரிசையை மோப்பம் பிடிக்கும் ஜெர்மானிய வண்டிகள் தெருத்தெருவாகத் திரிந்த நகரில், கருவியைச் சுமந்து இடம் மாறி மாறிச் செய்தி அனுப்பினார். சுமார் மூன்றரை மாதங்கள்! இதைக் காதலன் நினைவு மட்டுமா செய்வித்திருக்கும்?

குறையும் இருந்தது. அனுப்பிய செய்திகளின் படிகளை அழிக்காமல் குறிப்பேட்டில் வைத்திருந்தார். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டபோது அந்த ஏடும் பகைவர் கையில் சிக்கியது. அவர் பெயராலேயே அவர்கள் இலண்டனுக்குப் பொய்ச்செய்தி அனுப்பினர். அதை நம்பி வந்திறங்கியவர்கள் உயிரிழந்தனர். இதை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது முறையன்று.

விசாரணையிலோ அவர் வாய் திறக்கவில்லை. போருக்குப் பின் பாரிஸின் ஜெர்மானிய உளவுத்துறைத் தலைவரே இதை ஒப்புக்கொண்டார். கூரை வழியே தப்ப முயன்று பிடிபட்டார். இனித் தப்புவதில்லை என்று எழுதித் தர மறுத்தார். ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் கையிலும் காலிலும் விலங்கு பூட்டிப் பத்து மாதங்கள் தனிமையில் அடைத்தனர். 1944 செப்டம்பர் 13 அன்று தஹாவ் முகாமில், வேறு மூன்று பெண்களுடன் சுட்டுக் கொன்றனர். அப்போது வயது 30.

1949இல் பிரிட்டன் ஜார்ஜ் சிலுவை விருதை அவருக்கு அளித்தது. 2012இல் இலண்டன் கார்டன் சதுக்கத்தில் மார்பளவுச் சிலை எழுந்தது.

நாவல் பெரியவர்களுக்கானது, வளர்ந்த பெண்மக்களுக்குத் தருமுன் தாய்மார்கள் படித்துப் பார்ப்பது நன்று. சிறுவர்களுக்கு நூரே எழுதிய நூல் இருக்கிறது. புத்த ஜாதகக் கதைகள் இருபதை அவர் ஆங்கிலத்தில் எளிதாகச் சொன்னது அது. 1939இல் இலண்டனில் அச்சாகிப் பின்னரும் மறுபதிப்புகள் கண்டது.