பன்னிரண்டால் வகுத்த கழுத்து

நம்மூர்த் தையல் வகுப்புகளில் தொடக்கத்திலேயே சொல்லித்தரும் கணக்கு ஒன்று உண்டு. மார்புச் சுற்றளவைப் பன்னிரண்டால் வகுத்தால் கழுத்தின் பாதி அகலம் கிடைக்கும். 36 அங்குல மார்புக்கு 3 அங்குலம். மடித்த துணியில் அப்படி வெட்டி விரித்தால் 6. பெரும்பாலோருக்குப் பொருந்திவிடுகிற கணக்குதான். அதையே 54 அங்குல மார்புள்ள பெண்ணுக்குப் போட்டால் கழுத்து அகலம் 9 அங்குலம் என்று வந்து நிற்கிறது. மார்பு ஒன்றரை மடங்கானால் கழுத்தும் தோளும் ஒன்றரை மடங்காகிவிடும் என்று இந்த வகுத்தல் நம்புகிறது. எலும்பு அப்படி வளர்வதில்லை. உடல் பருக்கும்போது கொழுப்பு மார்பிலும் வயிற்றிலும் இடுப்பிலும் மேற்கையிலும் சேர்கிறது. தோளெலும்பின் அகலமோ வளர்ச்சி முடிந்த வயதில் எங்கே நின்றதோ கிட்டத்தட்ட அங்கேயே நிற்கிறது. அதனால் அப்படி வெட்டித் தைத்த குர்தி தோளிலிருந்து நழுவுகிறது, கழுத்து வாய் பிளக்கிறது, மேற்கை இறுக்கிப் பிடிக்கிறது. அணிந்தவர் தன் உடம்பை நொந்துகொள்கிறார். கோளாறு உடம்பில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

உயரமும் பருமனும் சேர்ந்த உடல் என்பது சின்ன உடலைப் பெரிதாக்கி அச்சடித்த படம் கிடையாது. ஆயத்த ஆடையின் அளவு முறையும், பல தையற்கடைகளின் சூத்திரமும் அதை அப்படித்தான் நடத்துகின்றன. இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். அளவு நாடா என்ற ஒன்று ஐரோப்பியத் தையற்காரர்களின் கைக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்கு முன்பு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனியாக ஒரு காகிதப் பட்டை இருக்கும். அதில் தோள் இவ்வளவு, கை இவ்வளவு என்று வெட்டுக்குறி போட்டு வைப்பார்கள். அந்தப் பட்டையில் எண் கிடையாது, அதனால் வகுக்கவும் முடியாது. நாடா வந்ததும் உடம்பு எண்ணானது. எண்ணானதும், ஒரேயொரு அளவிலிருந்து மற்ற எல்லா அளவுகளையும் கணக்குப் போட்டே வரவழைத்துவிடலாம் என்ற ஆசையும் பிறந்தது. 1863இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த தையற்காரர் எபனேசர் பட்டரிக் அளவு அளவாகக் காகித வெட்டுகளை விற்கத் தொடங்கியபோது வீட்டுத் தையலுக்குப் பெரிய கதவு திறந்தது. கூடவே, எல்லா உடம்பும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் என்ற நம்பிக்கையும் வீடுவீடாக நுழைந்தது.

அந்த நம்பிக்கையை அளந்து பார்த்தவர்களும் அமெரிக்கர்கள்தான். 1939, 1940ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு வேளாண் துறையின் மனையியல் பிரிவில் ரூத் ஓ'பிரையனும் வில்லியம் ஷெல்டனும் ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் அளந்தார்கள். வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் எடுத்தது அந்த ஆய்வின் பெருங்குறை. ஆனாலும் 1941இல் வெளியான முடிவில் ஓர் உண்மை தெளிவாக வந்தது: ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் உடலைச் சொல்லிவிட முடியாது. நெடுக்கு ஒன்று, பருமன் ஒன்று எனக் குறைந்தது இரண்டு அளவாவது வேண்டும். இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுத்துச் செல்பவை அல்ல. இதை அடிப்படையாகக் கொண்டு 1958இல் வந்த அமெரிக்க அளவுத் தரம் எண்ணோடு நிற்கவில்லை. குட்டை, நடுத்தரம், உயரம் என மூன்று நெடுக்கு. ஒவ்வொன்றிலும் குறுகிய, நடுத்தர, அகன்ற என மூன்று இடுப்பு. ஆக ஒவ்வோர் எண்ணுக்கும் ஒன்பது வகை. விஞ்ஞானம் சரியாகச் சொன்னதைக் கடை அலமாரி தாங்கவில்லை. ஒன்பது வகையையும் அடுக்கிவைக்க வணிகர்கள் பெரும்பாலும் முன்வரவில்லை. 1983இல் அந்தத் தரமே விலக்கிக்கொள்ளப்பட்டது.

வணிகர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு கணக்குக்காக, நூறு பெண்களில் பத்துப் பேர் மிக உயரம், பத்துப் பேர் மிகப் பருமன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்றால் இரண்டும் சேர்ந்தவர் நூற்றுக்கு ஒருவர்தான். அந்த ஒருவருக்குள்ளும் உடம்பு நீண்டவர், கால் நீண்டவர், மார்பு நிறைந்தவர், வயிறு முன்தள்ளியவர் என்று பிரித்துக்கொண்டே போனால் ஆயிரத்தில் ஒருவர், பத்தாயிரத்தில் ஒருவர் என்று தேயும். அமெரிக்க விமானப்படையின் கில்பர்ட் டேனியல்ஸ் 1952இல் காட்டியது இதே தேய்மானத்தைத்தான். விமானிகள் 4,063 பேரின் பத்து அளவுகளை எடுத்து, பத்திலும் சராசரியை ஒட்டியவர் எத்தனை பேர் என்று தேடினார். ஒருவர்கூட இல்லை. நடுவில் இருப்பவர்களுக்கே இந்த நிலை என்றால் ஓரத்தில் இருப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் 152 செ.மீ. அளவில் இருக்கிறது. 5 அடி 8 அங்குலம் உள்ள பெண் அதைவிட 20 செ.மீ. உயரம். அவருக்கு டபுள் எக்ஸ்எல் கொடுத்தால் அகலம் கிடைக்கும், நீளம் கிடைக்காது. விளிம்பில் துணி ஒட்டி நீளம் கூட்டினாலும், இடுப்பு வளைவு விலா எலும்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

இது வரைக்கும் எண்ணிக்கையின் கதை. இதற்கு அடியில் வடிவியலின் கதை இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தேங்காயை ஒரு காகிதத்தால் சுருக்கமே விழாமல் சுற்றிப் பாருங்கள், முடியாது. தட்டையான ஒன்றை நீட்டாமல், கிழிக்காமல் உருண்டையாக்க முடியாது என்பதற்கான கணிதக் காரணம் கார்ல் ஃபிரெட்ரிக் காஸ் 1827இல் நிறுவிய தேற்றத்தில் இருக்கிறது. துணி காகிதத்தைவிடக் கொஞ்சம் தாராளமானது. பாவு நூலும் ஊடை நூலும் நீள்வதில்லை. ஆனால் அவை சந்திக்கும் கோணம் சாயும். சதுரமாக இருந்த கண் சாய்சதுரமாகும். கிராஸாக வெட்டிய துணி உடம்போடு வழிவது இதனால்தான். 1878 ஆகஸ்டில் பாரிஸில் கூடிய அறிவியல் மாநாட்டில் ரஷ்யக் கணிதமேதை செபிஷேவ் 'ஆடை வெட்டுதல்' பற்றியே ஓர் உரை நிகழ்த்தினார். நூல்கள் நீளாது, கோணம் மட்டும் மாறும் என்று வைத்துக்கொண்டு, இரண்டே துண்டுத் துணியால் ஒரு பந்தைப் போர்த்த என்ன வடிவில் வெட்டவேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார். தையற்காரரின் கைப்பழக்கம் கணிதமாகவே பேசப்பட்ட அரிய தருணம் அது.

கோணம் சாய்ந்தும் போதாத இடத்தில் தையற்காரர் டாட் பிடிக்கிறார். ஆப்பு வடிவில் துணியை மடித்துத் தைத்தால் அதன் முனையில் ஒரு கூம்பு எழும்பும். அந்தக் கூம்பு எவ்வளவு எழும்பும் என்பதை முடிவுசெய்வது டாட்டின் நீளமல்ல, அதன் கோணம். கணித மொழியில் சொன்னால், அங்கே குவியும் வளைவின் அளவு அந்தக் கோணமேதான். இப்போது ஒரு சின்ன அளவு வெட்டுக் காகிதத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தில் வைத்து 150 விழுக்காடு பெரிதாக்குங்கள். கோடுகள் எல்லாம் ஒன்றரை மடங்காகும். கோணம் ஒன்றுகூட மாறாது. துணி கூடும், வளைவு கூடாது. நிறைந்த மார்புக்கு அகன்ற கோணம் வேண்டும். பெரிதாக்கிய சட்டையில் பழைய கோணமே இருக்கிறது. குறைந்த வளைவை ஈடுகட்ட மார்பு அக்கம்பக்கத்துத் துணியை எல்லாம் தன்னிடம் இழுக்கிறது. கைக்குழியிலிருந்து மார்புமுனை வரை ஓடும் அந்தச் சாய்ந்த சுருக்கம், வைக்காமல் விட்ட டாட் தன்னைத்தானே வரைந்து காட்டுவது. அதைப் படிக்கத் தெரிந்தால் எங்கே வெட்டவேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

எப்படி வெட்டுவது? மேற்கத்திய நாடுகளில் விற்கும் காகித வெட்டுகள் பெரும்பாலும் மேல்மார்புக்கும் முழுமார்புக்கும் 2 அங்குல வித்தியாசமும், 5 அடி 5 அல்லது 6 அங்குல உயரமும் உள்ள பெண்ணை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. அக்குளை ஒட்டிச் சுற்றும் மேல்மார்பு 44, முழுமார்பு 50 என்றால் வித்தியாசம் 6. முழுமார்புக்கான பெரிய அளவை எடுத்தால் தோள் தொங்கும். மேல்மார்புக்கான அளவை எடுத்து, குறைகிற 4 அங்குலத்தை முன்பக்கம் மட்டும், பாதிக்கு 2 வீதம் சேர்க்க வேண்டும். முன்துண்டின் காகிதத்தை இடுப்பிலிருந்து மார்புமுனைக்கும், அங்கிருந்து கைக்குழி ஓரத்துக்கும், பக்கத் தையலிலிருந்து மார்புமுனைக்கும் வெட்டி, கைக்குழி ஓரத்தில் ஒரு நூலளவு ஒட்டிக்கொண்டிருக்க விட்டு விரித்தால் அகலம் கூடும், நீளம் கூடும், டாட்டின் கோணமும் திறந்துகொள்ளும். தோளும் கழுத்தும் முதுகும் தொடப்படாமல் அப்படியே இருக்கும். உயரத்துக்கும் இதே முறைதான்: தோளிலிருந்து மார்புமுனை, அங்கிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து பின்புறத்தின் முழுச் சுற்று, அங்கிருந்து விளிம்பு என்று நான்கு நீளங்களைத் தனித்தனியே அளந்து, எங்கே குறைகிறதோ அங்கேயே காகிதத்தை வெட்டிப் பிரிக்க வேண்டும். முதலில் காடாத் துணியில் தைத்துப் போட்டுப் பார்த்தால், நல்ல துணியில் கத்தரி வைக்கும்போது கை நடுங்காது.

நீளும் துணி வந்துவிட்ட பிறகு இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். பின்னலாடை மன்னிக்கும், சரிசெய்யாது. டாட் இருக்கவேண்டிய இடத்தில் துணியே நீண்டு கொடுக்கிறது. நீண்ட இடத்தில் அது மெலிகிறது, இறுக்குகிறது, வேர்க்கிறது. அகலத்தில் நீண்ட துணி உயரத்தில் ஏறியும் விடுகிறது. லூசாகப் போட்டுக்கொண்டால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. இதிலும் ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது. எல்லா அளவுக்கும் 2 அங்குலம் லூசு என்று வைத்தால், 34 அங்குல உடம்புக்கு அது ஏறத்தாழ 6 விழுக்காடு. 54க்கு 4 விழுக்காடுகூட இல்லை. உட்காரும்போது பின்புறம் விரிவதோ உடம்பின் அளவைப் பொறுத்தது. லூசு வேண்டும் என்பதற்காகக் கைக்குழியையும் தாராளமாக இறக்கி வெட்டுகிறார்கள். அது நேர்மாறான பலனையே தரும். கைக்குழி எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவுக்குக் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் சேர்ந்து மேலே ஏறும். அக்குளை ஒட்டிய கைக்குழியும் அகன்ற கையும்தான் பருத்த தோளுக்குச் சுகம்.

தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒரு தையற்கடை இருக்க, தானே தைப்பானேன் என்பது இவற்றைவிட வலுவான கேள்வி. உண்மையில் நம் தையற்காரர்கள் இந்த வடிவியலைக் கைவசம் வைத்திருப்பவர்கள். கட்டோரி ரவிக்கையின் கிண்ணத் துண்டுகளும், பிரின்சஸ் கட்டும் டாட்டைத் தையலுக்குள் மறைக்கும் நேர்த்தியான தீர்வுகள். சேலை எல்லோருக்கும் ஒரே அளவாக இருந்தும், ரவிக்கை ஒவ்வொருவருக்கும் தனியாகவே தைக்கப்படும் வழக்கம் நம்முடையது. ஆனால் கடையில் நேரம் குறைவு. அளவு ரவிக்கையைக் கொடுத்தால் அதிலுள்ள பிழையும் சேர்ந்தே நகலாகிறது. டேப் எடுத்தால் நான்கைந்து இடத்தோடு நின்று மீதிக்கு வகுத்தல் வந்துவிடுகிறது. முன்மார்பையும் முதுகையும் பிரித்தளக்க, காடாவில் ஒத்திகை பார்க்க, பிரித்து மறுபடி தைக்க யாரால் முடியும்? அந்த உடம்போடு வாழ்கிறவரால்தான். தையல் இயந்திரமும் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஏழைப் பெண்களுக்கு இலவசமாகக் கொடுக்க அரசுத் திட்டமே உண்டு. தானே தைக்க மனமில்லாதவர்கூடச் சரிபார்த்த காகித வெட்டைத் தானே தயாரித்துத் தையற்காரரிடம் கொடுக்கலாம்.

நல்ல நிறுவனங்கள் பெரிய அளவுகளுக்குத் தனி அடிப்படை வெட்டு வரைகின்றன. முப்பரிமாண ஸ்கேனரில் இந்தியர்கள் 25,000 பேரை அளக்கும் வேலையைத் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் மேற்கொண்டது. இரண்டும் வரவேற்கவேண்டியவை, சராசரியை நம் மண்ணுக்கு அருகில் கொண்டுவரும். ஆயினும் எவ்வளவு துல்லியமான சராசரியும் பத்தாயிரத்தில் ஒருவரின் அலமாரிக்கு வந்து சேராது. உடம்புக்கேற்ற உடை பருமனை ஊக்குவிக்காதா என்று கேட்பவர்களும் உண்டு. நடப்பதற்கும் நீந்துவதற்கும் கைவீசி வேலை செய்வதற்கும் முதலில் உடை இடம் கொடுக்கவேண்டும். உடை தடுத்தால் அந்த உடம்பு வீட்டுக்குள்ளேயே இருந்துவிடும்.

துணி எடுக்கும்போது அதன் அகலமான பன்னாவைப் பார்த்து எடுங்கள். 54 அங்குல இடுப்புக்கு லூசும் தையலும் சேர்த்துச் சுற்று 60ஐத் தாண்டும். 36 பன்னாத் துணியில் முன்துண்டும் பின்துண்டும் பக்கம் பக்கமாக உட்காராது. 58 பன்னாவும் போதாது. 44 பன்னாவில் ஒன்றன் கீழ் ஒன்றாகப் போட்டு வெட்டினால் நூலோட்டம் பிசகாமல் வரும், கைக்குப் பக்கவாட்டில் துணி மிஞ்சும். பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டுத் தையுங்கள். காகித வெட்டின் ஓரத்தில் அளந்த தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் மேல்மார்பு, முழுமார்பு, வயிறு, இடுப்பு நான்கையும் மறுபடி அளந்து, மாறிய இடத்தில் மட்டும் காகிதத்தைத் திறந்து ஒட்டினால் போதும்.