மன்றோ சாலையில், நீல் மியூசியத்தில்: சென்னையின் பிரிட்டிஷ் சிலைகள் இடம் மாறியது எப்படி?

அலிபிரியில் படியேறி திருமலைக்குப் போயிருப்பீங்க. மேலே பெருமாளுக்கு நைவேத்தியம் போகும் பாத்திரம் ஒன்றுக்கு 'மன்றோ கங்காளம்' என்று பெயர். 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ ஏற்படுத்திய கட்டளை அது என்பார்கள். அதே மன்றோதான் சென்னை தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார்.

சிலையை வைத்தது யார்?

1827ல் மன்றோ காலராவில் இறந்தார். அவர் நினைவாக நன்கொடை திரட்டி, லண்டன் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரியிடம் வெண்கலச் சிலை செய்யச் சொன்னார்கள். 1839ல் அது இங்கே நிறுவப்பட்டது.

சேணத்தை மறந்துட்டாரா?

குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. 'சிற்பி மறந்துட்டார்' என்று ஒரு கதை உலவுகிறது. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் சான்ட்ரி செய்த நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையைப் பாருங்க, அதிலும் இரண்டும் கிடையாது. ஆக, இது மறதி இல்லை, அவருடைய பாணி.

நீல் ஏன் சாலையில் இல்லை?

1857 எழுச்சியில் அலகாபாத், கான்பூர் பகுதிகளில் கொடூரமாகப் பழிவாங்கியவர் கர்னல் ஜேம்ஸ் நீல். மேத்யூ நோபிள் வடித்த அவருடைய சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927ல் அதை அகற்றச் சொல்லி தொண்டர்கள் சத்தியாகிரகம் செய்து சிறைக்குப் போனார்கள். காந்தியும் ஆதரித்தார். ஆனால் 1937ல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் சிலை சாலையை விட்டு நகர்ந்தது. இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்றாவது சிலை?

தாமஸ் பேங்க்ஸ் செய்த கார்ன்வாலிஸ் பளிங்குச் சிலை, 1800ல் சென்னையில் நிறுவப்பட்டது. அதன் பீடத்தில், திப்பு சுல்தானின் இரண்டு மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. பல இடம் மாறி, இப்போது ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

சரி, இதில் நமக்கு என்ன?

யாரும் திட்டம் போட்டுச் சேர்த்த தொகுப்பு இல்லை இது. ஆட்சியாளர்களைப் போற்ற வைத்த சிலைகள், மக்கள் எதிர்த்ததாலும் காலம் மாறியதாலும் பொதுச் சேகரிப்பாகிவிட்டன. ரயத்துவாரி வரிமுறையோடு பேர் சேர்ந்த மன்றோவைச் சாலையிலேயே விட்டோம், நீலை உள்ளே அனுப்பினோம். அந்த வித்தியாசம் நாம் போட்ட தீர்ப்பு.

சாலை நடுவில் உயரப் பீடத்தில் நிற்கும் சிலை 'வணங்கு' என்று சொல்லும். மியூசியத்தில் அதே சிலையிடம் நாம் கேள்வி கேட்கலாம். ஆனால் கேள்வி வர, பக்கத்தில் இருக்கும் குறிப்பு சரியாக இருக்கணும். சிற்பி பேரும் வருஷமும் மட்டும் போதாது. நீல் விஷயத்தில் அலகாபாத், கான்பூர், 1927 எல்லாம் சேர்ந்தால்தான் கதை முழுசாகும்.

ஒரு சனிக்கிழமை மூன்றையும் பார்த்துட்டு வரலாம். எழுதியிருப்பதைப் படிங்க. எது விடுபட்டிருக்குன்னும் பாருங்க.