காலுக்குத்தான் ஓய்வு, கண்ணுக்கு அல்ல

கடந்த விடுமுறையில் காலியிலுள்ள மாமி வீட்டுக்குப் போனோம். லைசன்ஸ் எடுத்த பிறகு நானா ஓட்டிய முதல் தூரப் பயணம் அது. கடுகண்ணாவை இறக்கத்தில் ஸ்டியரிங்கில் இருந்த ‘குரூஸ்’ பொத்தானை அவர் அழுத்தப் போக, “இங்க வேணாம் மகன்” என்று வாப்பா தடுத்தார். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஏறியதும் அவரே போடச் சொன்னார். அங்கே ஆகாதது இங்கே எப்படி ஆகும்? அதை அறியத் தேடிப் படித்தேன்.

குரூஸ் கட்டுப்பாட்டுக்கு ஒரேயொரு வேலைதான்: நாம் குறித்த வேகத்தைக் காப்பது. மணிக்கு 90 கிலோமீற்றரில் பொத்தானை அழுத்தினால், காரிலுள்ள கணினி அதை நினைவில் வைக்கும். சக்கரம் சுழலும் வேகத்தை உணரி இடைவிடாமல் அதற்குச் சொல்லிக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் வேகம் 87 ஆகக் குறைந்தால், எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழியைக் கணினி சற்று அகலத் திறக்கும், எரிபொருளும் கூடும். வேகம் 90 ஐத் தாண்டினால் அவ்வழி ஒடுங்கும். உம்மா கறியைப் பார்த்துப் பார்த்து அடுப்பைக் கூட்டிக் குறைப்பது போலத்தான். பிரேக்கைத் தொட்டவுடன் அது விலகிவிடும்.

இதை உருவாக்கியவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். ஐந்து வயதில் பார்வையை இழந்தவர். காரோட்டிய நண்பர் பேசும்போது வேகம் குறைவதும் பேச்சை நிறுத்தினால் கூடுவதுமாக இருந்தது அவரைச் சிந்திக்க வைத்ததாம். 1950 இல் காப்புரிமை பெற்றார். 1958 இல் கிறைஸ்லர் கார்களில் அது வந்தது.

கடுகண்ணாவை விடயம் இப்போது விளங்கியது. பழைய வகைக் குரூஸ் எஞ்சினின் வலுவைக் குறைக்கும், பிரேக் போடாது. இறக்கத்தில் காரின் பாரமே அதை இழுக்கும்போது, குறித்த வேகத்தையும் மீறி ஓடும். வளைவும் முன்னால் போகும் பஸ்ஸும் அதற்குத் தெரியாது. ராடார் பொருத்திய புதிய கார்கள் இடைவெளியைக் கவனிக்கும். எங்கள் கார் அப்படியல்ல.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் மழை பிடித்தது. குரூஸ் போட்டபடியே இருந்தது. முன்னால் சென்ற லொறி வேகம் குறைக்க, ஆசனத்துக்கடியில் மடக்கியிருந்த நானாவின் கால் பிரேக்கைத் தேடியது. 90 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 25 மீற்றர் கடந்துவிடுவோம். லொறிக்கு மிக அருகில்தான் எங்கள் வேகம் அடங்கியது. “அல்ஹம்துலில்லாஹ்” என்ற உம்மாவின் குரல் நடுங்கியது.

நனைந்த பாதையில் டயர் பிடி இழக்கலாம். கால் எக்சலேட்டரில் இருந்தால் உடனே எடுத்துவிடுவோம். குரூஸோ வேகத்தைக் காக்கவே பார்க்கும்.

நானா இன்றும் அதைப் பாவிக்கிறார். காய்ந்த, நேரான, நெரிசலற்ற பாதையில் மட்டும்; காலைப் பிரேக்கின் அருகிலேயே வைத்திருக்கிறார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறோம். பிள்ளைகளுக்குக் கார் பழக்கும் பெற்றோர், அந்தப் பொத்தானைக் காட்டும் நாளிலேயே இதையும் சொல்லிக் கொடுங்கள்.