ஓர் இலக்கம் பிசகினால்...

ஆடுதுறை 36 நெல் ஏறத்தாழ 110 நாளில் விளையும். ஆடுதுறை 46-க்கு 135 நாள் வேண்டும். விதைப் பையின் சீட்டில் ஓர் இலக்கம் மாறிவிட்டால், தஞ்சை உழவரின் குறுவை அறுவடை ஐப்பசி மழையில் சிக்கும்.

கணிப்பொறியில் படம் காட்டும் சில்லுக்கும் இத்தகைய அடையாள எண் உண்டு. சில்லை இயக்கும் 'டிரைவர்' நிரல் முதலில் அவ்வெண்ணைக் கேட்டறிந்து, தன் அட்டவணையில் தேடுகிறது. அதன்படியே வேலை வாங்குகிறது. லினக்ஸில் உள்ள இன்டெல் டிரைவரில், ஹாஸ்வெல் சில்லுகள் சிலவற்றின் எண்களில் ஓர் இலக்கம் ஒன்று கூடுதலாகப் பதிவாகியிருந்தது. விளைவு? வலுமிக்க சில்லை ஒரு படி தாழ்ந்ததாக டிரைவர் நடத்தியது. கடைசிப் படியில் இருந்த சில்லை அது அடையாளமே காணவில்லை! சில்லு உண்மையைத்தான் சொன்னது, பிசகு அட்டவணையில்.

இது திறந்த மூல நிரல், எவரும் படிக்கலாம். 2013-இல் பிழை திருத்தப்பட்டபோது மாறியவை அட்டவணையின் சில வரிகளே.