மாட்டுனா மட்டும் போதாது... வீட்டு 'வை-பை'க்கு பூட்டு போட்டீங்களா?

மகாராஜபுரம்,

வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தாச்சு. மோடம் முன் அறையில் இருக்கிறது. பின்கட்டுக்கு சிக்னல் எட்டவில்லை. தனியாக ஒரு 'வை-பை' ரூட்டர் வாங்கி மாட்டினால் "நெட் வரல" என்று மண்டை காய்கிறது. மகாராஜபுரமோ, ராஜபாளையமோ, ஸ்ரீவில்லிபுத்தூரோ... எந்த ஊரிலும் இதற்கு பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்.

ஒரே கதவு எண்

மோடத்துக்கும் ரூட்டருக்கும் தனித்தனி முகவரி எண் வேண்டும். கம்பெனியில் இருந்து வரும்போதே பல மோடங்களில் 192.168.1.1 என்று இருக்கும். ரூட்டரிலும் அதே எண் இருந்தால் குழப்பம்தான். ஒரே தெருவில் 2 வீட்டுக்கு ஒரே கதவு எண் கொடுத்தால் தபால்காரர் என்ன செய்வார்?

முதலில் மோடத்தோடு சேர்க்காமல் ரூட்டருக்கு கரண்ட் மட்டும் கொடுங்கள். அதன் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் 'வை-பை' பெயர், பாஸ்வேர்டு, முகவரி எண் எல்லாம் இருக்கும். செல்போனை அதில் இணைத்து, பிரவுசரில் அந்த எண்ணை அடித்தால் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். அங்கே 'லேன்' பகுதியில் எண்ணை 192.168.2.1 என்று மாற்றி சேமியுங்கள்.

பிறகு மோடத்தின் 'லேன்' ஓட்டையில் வயரின் ஒரு முனை, ரூட்டரின் 'வான்' ஓட்டையில் மறுமுனை. மோடத்தில் ஏற்கனவே நெட் வந்தால், ரூட்டரில் 'டைனமிக் ஐ.பி.' என்று தேர்வு செய்தால் போதும். அவ்வளவுதான் வேலை.

வீடு தேடி வந்த போலீஸ்

பூட்டு போட மறந்தால்தான் வம்பு. 2008-ம் ஆண்டு ஜூலை 26-ந்தேதி ஆமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்கு சில நிமிடங்களுக்கு முன்பு டி.வி. சேனல்களுக்கு மிரட்டல் இ-மெயில் போனது. போலீசார் துப்பு துலக்கியதில், அது நவிமும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் இணைப்பில் இருந்து போனது தெரிந்தது. பூட்டாமல் கிடந்த அவரது 'வை-பை'யை வேறு யாரோ பயன்படுத்தி இருந்தார்கள். ஆனால் விசாரணை வளையத்தில் சிக்கியது அவர்தான்!

எனவே 'டபிள்யூ.பி.ஏ.-2' பாதுகாப்பை தேர்வு செய்து, குறைந்தது 8 எழுத்தில் பாஸ்வேர்டு போடுங்கள். போன் நம்பர், பிள்ளை பெயர் வேண்டாம். செட்டிங்ஸ் பக்கத்து பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். மோடத்திலும் 'வை-பை' இருந்தால் அதற்கும் இதே கதைதான்.

பாஸ்வேர்டு மறந்து போச்சா? பின்பக்கம் உள்ள 'ரீசெட்' பட்டனை 10 வினாடி அழுத்துங்கள். ரூட்டர் புதுசு மாதிரி ஆகிவிடும். ஆனால் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும், பாஸ்வேர்டையும்தான்!