அறைக்கு முன் நிலம்: ஓசூர்ப் பக்கத்துப் பண்ணைக் குடில்கள்

பண்ணைக் குடில் என்பது விவசாயம் நடக்கும் நிலத்துக்குள் விருந்தினர் தங்குவதற்கென்று கட்டிய சிறு வீடு. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள ஓசூரைச் சுற்றியும், தளி, தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பக்கமும் இப்படிப்பட்ட குடில்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. மனை பிரித்து விற்ற நிலத்தில் சில மாங்கன்றுகளை நட்டு, நீச்சல் குளம் கட்டிய வீடும் இதே பெயரில்தான் வாடகைக்கு வருகிறது. இரண்டையும் பிரித்தறிவதுதான் தேர்வின் முதல் படி.

இத்தாலி 1985-இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. பண்ணையில் விருந்தினரைத் தங்கவைக்கலாம். ஆனால் விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இந்த அளவுகோல் இங்கும் பொருந்தும். முன்பதிவு செய்யுமுன், “இப்போது வயலில் என்ன இருக்கிறது?” என்று தொலைபேசியில் கேட்டால் போதும். நிலத்தில் நிற்பவர் ராகி கதிர் விட்டதையும் தக்காளி எத்தனையாவது பறிப்பில் இருக்கிறது என்பதையும் தயங்காமல் சொல்வார். அறையின் படங்களைவிட இந்தப் பதில் நம்பத் தக்கது.

எந்த மாதம் போவது என்பதை உயரமும் பயிரும் முடிவு செய்கின்றன. ஓசூர், தளி மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி அதைவிடப் பல நூறு மீட்டர் தாழ்வு. ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று ஆங்கிலேயர் காலத்திலிருந்து பெயர் பெற்ற தளிப் பக்கம் கோடையிலும் இரவு இதமாக இருக்கும். கிருஷ்ணகிரியில் மே மாத வெயில் கடுமையானது. ஆனாலும் மாம்பழத்துக்காக வருபவர்கள் அந்த வெயிலைப் பொறுத்துத்தான் ஆக வேண்டும். ஏப்ரல் முதல் ஜூலை வரை தோப்புகளில் அறுவடை. இங்கே ‘பெங்களூரா’ எனப்படும் கிளிமூக்கு மாங்காய் பெரும்பாலும் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. வீட்டில் தின்பதற்குச் செந்தூராவும் மல்கோவாவும். தோப்பில் எந்த ரகம் நிற்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. மேட்டுநிலத்தின் அழகு மழைக்குப் பின்னால் வருவது. ஆடி மழைக்கு விதைத்த ராகி கார்த்திகை, மார்கழியில் அறுவடையாகும். அவரை காய்ப்பதும் அப்போதுதான். களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் அந்த நாட்களில் உண்ண வேண்டியவை.

அதே ராகியைத் தேடித்தான் யானைகளும் வருகின்றன. அக்டோபர், நவம்பர் வாக்கில் கர்நாடகத்தின் பன்னேருகட்டா காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக ஜவளகிரி வழியே இறங்கி, தளி, நொகனூர், சானமாவு, ஊடேதுர்க்கம் காடுகளில் பல வாரங்கள் தங்கும். பகலில் காட்டில், இரவில் வயலில். இது அவற்றின் பழைய வழி. குடில்கள் பின்னால் வந்தவை. எனவே காட்டோரக் குடில் என்றால், காடு எத்தனை தூரம், இரவில் கழிப்பறைக்கு வெளியே போக வேண்டுமா, வனத்துறையின் எச்சரிக்கை யார் மூலம் வருகிறது என்றெல்லாம் கேட்டாக வேண்டும். வேலியைப் பற்றியும் கேட்க வேண்டும். விட்டுவிட்டு அதிர்ச்சி மட்டும் தரும் சோலார் வேலி வேறு; மின்கம்பியிலிருந்து திருட்டுத்தனமாக இணைத்த வேலி வேறு. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. இத்தகைய வேலி மனிதரையும் கொல்லும்.

தண்ணீர் அடுத்த கேள்வி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் காரணம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஏற்றதல்ல. கொதிக்க வைத்தாலும் ஃபுளூரைடு போகாது. குடிநீர் காவிரியா, ஆழ்துளைக் கிணறா, வடிகட்டி உண்டா என்று கேட்பது அவசியம். ‘ஆற்றங்கரைக் குடில்’ என்ற விளம்பரத்தையும் நேரில் பார்த்தே ஏற்க வேண்டும். தென்பெண்ணையில் பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுநீர் கலப்பதால் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது அடிக்கடி செய்தியாகிறது.

இது தொழிற்பேட்டைகளின் பூமியும்கூட. கல்குவாரியும் கிரஷரும் பக்கத்தில் இருந்தால் வெடிச் சத்தமும் தூசியும் லாரியும் ஓயாது. ரோஜா வளரும் பசுமைக்குடில்களை ஒட்டித் தங்கினால் மருந்து அடிக்கும் நேரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழந்தைகளோடு போகிறவர்கள் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்க வேண்டியது கிணறும் பண்ணைக் குட்டையும். கைப்பிடிச் சுவரில்லாத பாசனக் கிணறுகள் இன்னும் உண்டு. தார்ப்பாய் விரித்த குட்டை ஆழமில்லாதது போலத் தெரிந்தாலும், வழுக்கி விழுந்தால் பெரியவர்களாலும் சரிவில் ஏற முடியாது. சுற்றிலும் வேலி இல்லையென்றால் வேறு குடிலைப் பார்ப்பதே சரி.

பெங்களூர்–சேலம் ரயில் பாதையில் ஓசூரும் ராயக்கோட்டையும் நிலையங்கள். எந்த வழியில் வந்தாலும் இருட்டுமுன் குடிலை அடைந்துவிட வேண்டும். அந்திக்குப் பிறகு காட்டுச் சாலையில் யானை குறுக்கே நிற்கலாம். மாலை 5 மணிக்குள் சேர்ந்துவிட்டால், தொழுவத்தில் பால் கறப்பதையும் பிள்ளைகள் பார்க்கலாம்.