இலுமினே (ஒலிநூல்)

இலுமினே என்பது ஆஸ்திரேலிய எழுத்தாளர்களான ஏமி காஃப்மன், ஜே கிறிஸ்டாஃப் ஆகிய இருவரும் சேர்ந்து எழுதிய, இளையோருக்கான விண்வெளி ஓப்பரா புதினம் ஆகும். இது 2015 அக்டோபரில் வெளியானது. இதன் ஒலிநூலை லிசனிங் லைப்ரரி நிறுவனம் வெளியிட்டது. ஒலிவியா டெய்லர் டட்லி, லிங்கன் ஹாப்பி, ஜானத்தன் மெக்கிளெய்ன் ஆகியோர் முதன்மைக் குரல்களை வழங்க, ஒரு குழுவினர் மற்ற பாத்திரங்களைப் பேசியுள்ளனர். கண்ணால் பார்ப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஒரு நூல் காதுக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதை அறிய இது நல்ல எடுத்துக்காட்டு.

விண்வெளி ஓப்பரா

கோள்களுக்கு இடையிலான போர், பெரும் கப்பல்கள், பேரரசுகள், காதல் ஆகியவற்றைக் கொண்ட அறிவியல் புனைவு வகை இது. 1941-இல் வில்சன் டக்கர் என்பவர் தரமற்ற விண்வெளிக் கதைகளைக் கேலி செய்யவே இப்பெயரைச் சூட்டினார். அமெரிக்க வானொலியில் சோப்பு நிறுவனங்களின் விளம்பரத்தோடு ஒலிபரப்பான 'சோப் ஓப்பரா' தொடர்நாடகங்களே இப்பெயருக்கு மூலம். கேலிப்பெயர் பின்னர் மதிப்புள்ள வகைப்பெயராக மாறியது.

கதை

2575-ஆம் ஆண்டில் கெரென்சா என்னும் சுரங்கக் குடியேற்றத்தை பெய்டெக் நிறுவனம் தாக்குகிறது. அன்று காலையில்தான் காதலை முறித்துக்கொண்ட கேடி கிராண்ட், எஸ்ரா மேசன் என்னும் பதின்பருவத்தினர் வெவ்வேறு கப்பல்களில் உயிர் தப்புகின்றனர். எதிரிக் கப்பல் துரத்துகிறது. தப்பியவர்களிடையே கொடிய கிருமி பரவுகிறது. போர்க்கப்பலை இயக்கும் ஏய்டன் என்னும் செயற்கை நுண்ணறிவு சேதமடைந்த நிலையில் தானே முடிவெடுக்கத் தொடங்குகிறது.

அச்சு நூலின் வடிவம்

சுமார் 600 பக்கங்கள் கொண்ட இந்நூலில் வழக்கமான கதைசொல்லி இல்லை. விசாரணைப் பதிவுகள், மின்னஞ்சல்கள், அரட்டை உரையாடல்கள், கண்காணிப்புக் கேமராக் காட்சிகளின் சுருக்கம், கப்பல் வரைபடங்கள் ஆகியவை அடங்கிய கோப்பாகவே கதை விரிகிறது. வசைச் சொற்கள் கறுப்புப் பட்டையால் மறைக்கப்பட்டுள்ளன. விண்கலங்கள் மோதும் இடத்தில் சொற்களே பறக்கும் பாதைபோல வளைந்து செல்கின்றன. ஏய்டன் பேசும் பக்கங்கள் பல, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளால் ஆனவை.

வாசிப்பு முறை

ஒரே குரலில் வாசித்தால் அரட்டையின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பேசுபவரின் பெயரைச் சொல்ல நேரிடும். உரையாடலின் வேகம் போய்விடும். பல குரல்கள் இருக்கும்போது குரலே பெயராகிறது. ஆவணம் மாறியதைக் கண் உடனே பிடித்துக்கொள்ளும். கேட்பவருக்கோ குரலும் தொனியும் மாறுவதே அடையாளம்.

மிகக் கடினமானது ஏய்டனின் பகுதி. பெரும்பான்மையினரைக் காப்பதாகக் கருதி, கிருமி பரவிய கோபர்னிகஸ் கப்பலை அது அங்குள்ளவர்களோடு அழித்துவிடுகிறது. அது கொலையா, கருணையா என்பதே நூலின் மையக் கேள்வி. அச்சில் அதன் சொற்களை வாசகர் தம் மனக்குரலில் வாசித்து முடிவு செய்கிறார். ஒலிநூலில் அந்தச் சொற்களுக்கு ஒரு மனிதக் குரல் கிடைத்துவிடுகிறது. நடிகர் எந்த இடத்தில் நிறுத்துகிறார், எந்தச் சொல்லை மென்மையாக்குகிறார் என்பதைப் பொறுத்து, கேட்பவருக்கு ஏய்டன்மீது அச்சமோ இரக்கமோ தோன்றுகிறது. எனவே இங்கு வாசிப்பது என்பது பொருள் கொள்வதும் ஆகும்.

பெறுவதும் இழப்பதும்

வரைபடங்களும் வளைந்து ஓடும் சொற்களும் காதுக்கு அப்படியே வந்து சேர்வதில்லை. ஆகவே அச்சு நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதில் தனிப் பயன் உண்டு. ஆனால் எல்லோராலும் அப்படிச் செய்ய இயலாது. ஒலிநூல் என்னும் வடிவமே 1930-களில் அமெரிக்காவில் பார்வையற்றோருக்காக இசைத்தட்டுகளில் பதிவான 'பேசும் நூல்'களிலிருந்து வளர்ந்தது. பார்வையற்ற இளைஞருக்கும், எழுத்துகளைப் படிப்பதில் இடர்ப்படும் மாணவருக்கும் ஒலிநூல் கூடுதல் வசதி அன்று; அதுவே நூல். பக்கத்தின் அழகை நம்பி எழுதப்படும் கதைகள் பெருகும்போது, குரல் கொடுப்பவரின் பொறுப்பும் பெருகுகிறது.

இந்நூலின் தொடர்ச்சியாக ஜெமினா 2016-இலும், ஒப்சிடியோ 2018-இலும் வெளிவந்தன.